சுரங்க நிலங்களில் மண் நுண்விலங்குகளின் மீள்குடியேற்றம்

சுரங்க நிலங்களில் மண் நுண்விலங்குகளின் மீள்குடியேற்றம் என்பது, நிலக்கரி அல்லது பழுப்பு நிலக்கரி எடுப்பதற்காக அகழப்பட்டுப் பின்னர் மண்ணிட்டு நிரப்பப்பட்ட நிலத்தில், கண்ணுக்குத் தெரியாத அல்லது அரிதாகவே தெரியும் மண்வாழ் விலங்குகள் மீண்டும் வந்து நிலைகொள்ளும் நிகழ்வு ஆகும். ஓட்டு அமீபாக்கள், நூற்புழுக்கள், ரோட்டிஃபர்கள், நீர்க்கரடிகள், மண் சிற்றுண்ணிகள், துள்ளுவாலிகள் ஆகியன இவற்றுள் முதன்மையானவை. தமிழ்நாட்டில் இந்நிகழ்வு கடலூர் மாவட்டத்தின் நெய்வேலித் திறந்தவெளிச் சுரங்கங்களோடு தொடர்புடையது.

நிரப்பப்பட்ட நிலத்தில் மரங்கள் பச்சை பிடித்து நிற்பதும், அந்நிலம் மீண்டும் மண்ணாகிவிட்டது என்பதும் ஒன்றல்ல. மரத்தை ஒரே நாளில் நட்டுவிடலாம். மண்ணை அவ்வாறு நட இயலாது. இவ்விரண்டுக்கும் இடையே சில பத்தாண்டுகள் இருக்கக்கூடும். அந்த இடைவெளியை அளப்பதற்குக் கிடைத்துள்ள நுட்பமான அளவுகோல்களுள் இவ்விலங்குகளின் கணக்கெடுப்பும் ஒன்று.

விலங்குகள்

மண்ணில் வாழும் விலங்குகளை உடலின் தடிமனைக் கொண்டு பிரிப்பது வழக்கம். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான தடிமன் உடையவை நுண்விலங்குகள் எனப்படுகின்றன. நூற்புழுக்களும் ரோட்டிஃபர்களும் இவ்வகையின. அதற்கு மேல் 2 மில்லிமீட்டர் வரை உள்ள சிற்றுண்ணிகளும் துள்ளுவாலிகளும் இடைநிலை விலங்குகள். மண்புழு, கறையான், எறும்பு போன்றவை பெருவிலங்குகள். அமீபா முதலான ஒற்றை உயிரணு உயிரிகள் கண்டிப்பான வகைப்பாட்டின்படி விலங்குகள் அல்ல. எனினும் மண்ணில் அவை ஆற்றும் பணி கருதி இக்கட்டுரையில் சேர்க்கப்பட்டுள்ளன.

இவற்றுள் எண்ணிக்கையில் மிகுந்தவை நூற்புழுக்கள். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாதவை. வளமான நிலத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் அடியில் சில பத்து இலட்சம் நூற்புழுக்கள் இருப்பது இயல்பு. உலகின் மேல்மண்ணில் வாழும் நூற்புழுக்களின் எண்ணிக்கையை 2019 ஆம் ஆண்டு வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு 4.4 × 10^20 என மதிப்பிட்டது. தமிழ்நாட்டு உழவர்கள் நூற்புழு என்றதும் வாழை வேரையும் தக்காளி வேரையும் தாக்கும் பயிர்ப் பகையையே நினைப்பர். ஆனால் நூற்புழு இனங்களுள் பல பயிரைத் தொடுவதே இல்லை. பாக்டீரியாவை உண்பவை, பூஞ்சை இழைகளைத் துளைத்து உறிஞ்சுபவை, பிற நூற்புழுக்களை வேட்டையாடுபவை எனப் பல தொழில்கள் அவற்றுக்கு உண்டு.

இச்சிறு உயிரிகளின் பயனை விளக்க ஓர் எளிய கணக்குப் போதும். பாக்டீரியாவின் உடலில் ஏறத்தாழ 5 பங்கு கார்பனுக்கு 1 பங்கு நைட்ரசன் உள்ளது. அதனை உண்ணும் நூற்புழுவின் உடலுக்கு 10 பங்கு கார்பனுக்கு 1 பங்கு நைட்ரசனே போதும். எஞ்சிய நைட்ரசனை நூற்புழு அம்மோனியமாக வெளியேற்றிவிடுகின்றது. செடியின் வேர் அதனை எடுத்துக்கொள்கின்றது. மேயும் விலங்குகள் இல்லாத மண்ணில் பாக்டீரியா தான் பிடித்த சத்தைத் தன் உடலிலேயே பூட்டி வைத்துக்கொள்ளும். சுரங்கம் நிரப்பிய நிலத்தில் உரம் இட்டால் மட்டும் பயிர் விளைவதும், உரத்தை நிறுத்தினால் வாடுவதும் ஏன் என்பதற்கு இது ஒரு காரணம்.

அகழ்வின்போது மண்ணுக்கு நேர்வது

திறந்தவெளிச் சுரங்கத்தில் கனிமத்தின் மேலுள்ள மண்ணும் பாறையும் முழுவதுமாக அகற்றப்படுகின்றன. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகையின் மேல் ஏறத்தாழ 50 முதல் 100 மீட்டர் வரை தடிமனுள்ள மணற்கல், களிமண் அடுக்குகள் உள்ளன. ஒரு டன் பழுப்பு நிலக்கரியை எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேற்பட்ட மண்ணைத் தோண்டி அப்புறப்படுத்த வேண்டும். வாளிச் சக்கர அகழ்பொறிகள் இதனைச் செய்கின்றன. அவற்றுள் பெரியவற்றின் ஒவ்வொரு வாளியும் 1400 லிட்டர் கொள்ளளவு உடையது. தோண்டிய மண் பட்டைக் கடத்திகள் வழியே சென்று, நிலக்கரி எடுத்து முடிந்த பள்ளத்தில் கொட்டப்படுகின்றது. ஒருபுறம் தோண்டிக்கொண்டே மறுபுறம் நிரப்பிக்கொண்டு சுரங்கம் நகர்ந்து செல்லும்.

உயிருள்ள மண் என்பது இந்த 50, 100 மீட்டரில் மேலே உள்ள ஒரு முழத்திற்கும் குறைவான பகுதிதான். விலங்குகளின் பெரும்பகுதி மேல் 10, 15 சென்டிமீட்டரிலேயே அடங்கிவிடும். அதன் கீழுள்ள அடுக்குகள் பல இலட்சம் ஆண்டுகளாக வெயிலையும் வேரையும் காணாதவை. அகழ்வில் இவை இரண்டும் கலக்கும்போது, ஒரு பங்கு மண் பல நூறு பங்கு உயிரற்ற படிவில் கரைந்து காணாமற்போகின்றது. மேற்பரப்பில் வந்து அமர்வது பெரும்பாலும் அந்தப் பழைய படிவே.

இதனைத் தவிர்க்க, மேல்மண்ணைத் தனியே வழித்தெடுத்துக் குவித்து வைத்து, இறுதியில் மேலே பரப்புவது நல்ல நடைமுறையாகக் கருதப்படுகின்றது. ஆனால் குவியலும் ஒரு சேமிப்புக் கிடங்கு அன்று. ஓரிரு மீட்டருக்கு மேல் உயர்ந்த குவியலின் உட்புறத்தில் காற்றோட்டம் நின்றுவிடுகின்றது. ஆக்சிசன் இல்லாத அந்நிலையில் மண்புழுக்களும் வேர்ப்பூஞ்சைகளும் அழிகின்றன. குவியல் எத்தனை ஆண்டுகள் கிடக்கின்றதோ அதற்கேற்ப இழப்பும் கூடும். எடுத்த மண்ணை உடனே அடுத்த நிரப்பிடத்தில் மெல்லிய அடுக்காகப் பரப்புவதே மேல் எனச் சுரங்க மீளமைப்பு வல்லுநர்கள் கூறுவது இதனால்தான்.

கொட்டிய நிலத்தின் மற்றொரு குறை இறுக்கம். கனரக வண்டிகள் ஓடிச் சமன்செய்த பரப்பில் மண்துகள்களுக்கு இடைப்பட்ட நுண்துளைகள் நசுங்கிவிடுகின்றன. மண்புழுவால் வளை தோண்ட முடியும். நூற்புழுவாலும் சிற்றுண்ணியாலும் அது முடியாது. ஏற்கெனவே இருக்கும் துளைகளில்தான் அவை வாழ வேண்டும். வீடு இல்லாத இடத்தில் குடியேற்றமும் இல்லை.

வந்து சேரும் வழிகள்

நூற்புழு தானாக நகர்ந்து செல்லக்கூடிய தொலைவு ஆண்டுக்கு ஒரு மீட்டர் அளவே. பல கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு நிரப்பிடத்தின் நடுவிடத்தை அது ஊர்ந்தே அடைய வேண்டுமாயின் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆனால் உண்மையில் சில மாதங்களிலேயே அவை அங்குக் காணப்படுகின்றன. காரணம், அவை நடந்து வருவதில்லை, சுமந்து வரப்படுகின்றன.

முதல் வாகனம் காற்று. நூற்புழுக்கள் சில, நீர்க்கரடிகள், ஒருவகை ரோட்டிஃபர்கள் ஆகியன உடலின் நீரை ஏறத்தாழ முழுவதும் இழந்து உலர்ந்து கிடந்து, மீண்டும் நனைந்தவுடன் உயிர்பெறும் ஆற்றல் உடையவை. உலர்ந்த நிலையில் அவை தூசியின் எடையே உடையன. சைபீரியாவின் உறைமண்ணில் ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் உறைந்து கிடந்த ரோட்டிஃபர் ஒன்று ஆய்வகத்தில் உயிர்பெற்று இனம் பெருக்கியதாக 2021 ஆம் ஆண்டு உருசிய ஆய்வாளர்கள் அறிவித்தனர். அவ்வளவு தாங்கும் உயிருக்குச் சித்திரை வைகாசிப் புழுதிக்காற்றில் சில கிலோமீட்டர் பறப்பது பெரிதன்று. ஓட்டு அமீபாக்களும் இவ்வாறே கூட்டுறையாக மாறிப் பறந்து வருகின்றன.

காற்றில் முதலில் வந்து சேர்பவை எப்போதும் மிகச் சிறியவை மட்டுமே என்று கொள்ளவும் கூடாது. 1883 இல் கிராக்கத்தோவா எரிமலை வெடித்துத் தீவு முழுவதும் சாம்பலால் மூடப்பட்ட பின், 1884 மே மாதத்தில் அங்குச் சென்ற பிரெஞ்சுக் குழுவினர் கண்ட ஒரே விலங்கு, வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு சிறு சிலந்தி. உண்ண எதுவும் இல்லாத இடத்தில் அது காற்றில் வரும் பூச்சிகளுக்காகக் காத்திருந்தது. புதிய சுரங்க நிரப்பிடங்களிலும் செடிகளுக்கு முன்பே சிலந்திகள் வந்துவிடுவது கவனிக்கப்பட்டுள்ளது.

மழைநீர் ஓட்டம், பறவைகளின் கால்கள், ஆடுமாடுகளின் குளம்பு, சாணம் ஆகியனவும் வழிகள். இவை அனைத்தையும் விட அடர்த்தியாக விலங்குகளைக் கொண்டு வருவது பெரும்பாலும் மனிதனே. நடுவதற்காகக் கொண்டுவரப்படும் ஒவ்வொரு மரக்கன்றின் பையிலும் நாற்றங்காலின் மண் உள்ளது. அதில் ஆயிரக்கணக்கான நூற்புழுக்களும் சிற்றுண்ணிகளும் உள்ளன. மரக்கன்று நட்ட குழி ஒவ்வொன்றும் உயிரற்ற பரப்பில் ஒரு சிறு தீவு போல ஆகின்றது. இதில் ஒரு தீமையும் உண்டு. நாற்றங்காலில் வேர்முடிச்சு நூற்புழு இருந்தால், எதிரிகளே இல்லாத புதிய நிலத்துக்கு அதுவும் இலவசமாகக் குடிபெயர்கின்றது.

குடியேற்ற வரிசை

யார் முதலில் வருகின்றனர் என்பதை வழி தீர்மானிக்கின்றது. யார் நிலைக்கின்றனர் என்பதை உணவும் ஈரமும் துளைகளும் தீர்மானிக்கின்றன.

புதிதாகக் கொட்டிய நிலத்தில் முதலில் பெருகுவன பாக்டீரியாவும் நீல்பச்சைப் பாசிகளும். மழைக்குப் பின் பரப்பின் மேல் படரும் மெல்லிய பச்சைப் பொருக்கு இவற்றால் ஆனது. இதனை மேய ஓட்டு அமீபாக்களும், பாக்டீரியா உண்ணும் நூற்புழுக்களும் வருகின்றன. இந்நூற்புழுக்கள் சில நாட்களிலேயே முட்டையிலிருந்து முதிர்ச்சி அடைபவை. கிடைத்ததை உண்டு பெருகி, உணவு தீர்ந்தவுடன் உலர்ந்து உறங்கும் இயல்பின. இத்தகையோரை முன்னோடிகள் என்பர்.

செடிகள் வேர்விட்டு இலை உதிர்க்கத் தொடங்கியவுடன் நிலைமை மாறுகின்றது. உதிர்ந்த இலையில் பூஞ்சைகள் படர, பூஞ்சை உண்ணும் நூற்புழுக்களும் துள்ளுவாலிகளும் பெருகுகின்றன. துள்ளுவாலி என்பது வயிற்றின் அடியில் மடித்து வைத்த கவை போன்ற உறுப்பைத் தட்டித் துள்ளும் சிற்றுயிர் ஆகும். ஈரமான இலைக்குவியலைக் கிளறினால் வெண்புள்ளிகளாகத் தெறிப்பவை இவையே. இவற்றின் பின்னே இவற்றை உண்ணும் சிற்றுண்ணிகள் வருகின்றன. இலைகளை அரைத்து உண்ணும் கவசச் சிற்றுண்ணிகள் மெதுவாக வளர்ந்து குறைவாக முட்டையிடுபவை. ஆதலால் அவை கூட்டமாக நிலைபெறப் பல ஆண்டுகள் ஆகின்றன. மிகவும் பிந்தி வருபவை நீண்ட ஆயுளும் குறைந்த இனப்பெருக்கமும் உடைய பெரிய நூற்புழுக்கள். சிறு தொல்லையையும் தாங்காத இவை, மண் பல ஆண்டுகளாகக் கலைக்கப்படாமல் கிடக்கின்றது என்பதற்குச் சாட்சிகள்.

இந்த வரிசையை எண்ணாக மாற்றும் முறை ஒன்றை நெதர்லாந்தைச் சேர்ந்த டாம் போங்கர்சு 1990 இல் உருவாக்கினார். நூற்புழுக் குடும்பங்களுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் தரப்படுகின்றது. விரைந்து பெருகும் முன்னோடிகளுக்கு 1, மெதுவாக வாழும் நிலைபேறு உடையவற்றுக்கு 5. பயிர் வேரை உண்பவை தனியே வைக்கப்படுகின்றன. ஒரு மண் மாதிரியில் உள்ள மற்ற நூற்புழுக்களின் மதிப்பெண்களை அவற்றின் விகிதப்படி கூட்டிச் சராசரி கண்டால், அது முதிர்ச்சிச் சுட்டெண் எனப்படும். மாட்டுச்சாணம் கொட்டிய இடத்தில் இந்த எண் குறையும், கலைக்கப்படாத காட்டில் உயரும். விலங்குகளின் மொத்த எண்ணிக்கையை விட இச்சுட்டெண் நம்பத்தக்கது. ஏனெனில், எண்ணிக்கை சில ஆண்டுகளிலேயே பழைய நிலையை எட்டிவிடக்கூடும். அதனை மட்டும் பார்ப்பவர் மண் குணமாகிவிட்டது என முடிவுகட்டிவிடுவார். இனங்களின் சேர்க்கை மீள்வதற்கோ பல மடங்கு காலம் ஆகும்.

ஐரோப்பிய நீண்டகால ஆய்வுகள்

இத்துறையின் அறிவில் பெரும்பகுதி செருமனியிலும் செக் நாட்டிலும் உள்ள பழுப்பு நிலக்கரிப் பகுதிகளிலிருந்து கிடைத்தது. கிழக்கு செருமனியின் கேர்லிட்சு நகர அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வோல்ஃப்ராம் டுங்கர், அருகிலிருந்த பெர்ட்சுடோர்ஃப் சுரங்கத்தின் கொட்டு மேடுகளை 1960களிலிருந்து பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆய்ந்தார். ஒரே மேட்டை ஒருவரே இவ்வளவு காலம் பின்தொடர்ந்தது அரிது. பிற ஆய்வுகள் பெரும்பாலும் வெவ்வேறு வயதுள்ள மேடுகளை ஒரே ஆண்டில் ஒப்பிட்டுக் காலத்தை ஊகிப்பவை.

அதே நாட்டில் கோட்புசு நகரின் பல்கலைக்கழகம் வெல்சோ-சூட் சுரங்கத்தில் 6 எக்டேர் பரப்பில் ஒரு செயற்கை நீர்ப்பிடிப்புப் பகுதியை 2005 இல் அமைத்து முடித்தது. மணலையும் களியையும் கணக்காகக் கொட்டி, எதையும் நடாமல் இயற்கையின் போக்கில் விட்டுவிட்டனர். பூச்சிய நிலையிலிருந்து மண் உருவாவதை அளக்கும் இடமாக அது விளங்கியது. காற்றில் வந்த ஓட்டு அமீபாக்கள் அங்கு மிக முன்னதாகவே பதிவாயின.

செக் நாட்டின் சோகோலோவ் பகுதியில் யான் ஃப்ரோவ்சு குழுவினர் செய்த ஆய்வுகள் மண்புழுவின் பங்கை வெளிப்படுத்தின. அங்குத் தானாக முளைத்த வில்லோ, பிர்ச்சு மரங்களின் கீழ் இலைக்குப்பை ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே இருந்தது. ஆனால் அது களிப்படிவின் மேல் ஒரு பாய்போலத்தான் கிடந்தது. ஏறத்தாழ 20 முதல் 25 ஆண்டுகளுக்குப் பின் மண்புழுக்கள் வந்து சேர்ந்தபோதே அந்தக் குப்பை கீழுள்ள களியோடு கலக்கப்பட்டுக் கறுத்த மேல்மண் அடுக்கு உருவாயிற்று. அந்தக் கலப்புக்குப் பின் நுண்விலங்குகளின் கூட்டமும் மாறியது. குப்பையின் இடுக்கில் வாழ்ந்த துள்ளுவாலிகளும் சிற்றுண்ணிகளும் இடம் இழந்தன. மண்ணின் ஆழத்தில் வாழ்பவை பெருகின.

சோகோலோவில் கவனிக்கப்பட்ட மற்றொரு செய்தி பொறியாளர்களுக்கு உவப்பாக இராது. கொட்டும் எந்திரம் விட்டுச்சென்ற அலைபோன்ற மேடுபள்ளங்களைச் சமன்செய்யாமல் விட்ட இடங்களில், பள்ளங்களில் ஈரமும் சருகும் தங்கிச் சிற்றுயிர்களுக்கு இடம் கிடைத்தது. புல்டோசர் ஓட்டி ஒழுங்குசெய்த பரப்பில் அவ்வசதி இல்லை. வரைபடத்தில் அழகாகத் தோன்றும் சமதளம் உயிருக்கு அவ்வளவு ஏற்றதன்று.

இந்தியாவில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர்கள் சிங்ரௌலி நிலக்கரிப் புலத்தின் கொட்டு மேடுகளில் உள்நாட்டு மரங்களை நட்டு, மண்ணிலுள்ள நுண்ணுயிர்த் திரள் ஆண்டுதோறும் கூடிவருவதை அளந்துள்ளனர். நைட்ரசனை நிலைநிறுத்தும் அவரையின மரங்களின் கீழ் இம்மாற்றம் பொதுவாக விரைவாக நிகழ்கின்றது.

நெய்வேலி

1930களில் நெய்வேலிப் பகுதியில் சம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டதே இங்குள்ள படிவு கண்டறியப்பட வழிவகுத்தது. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பரில் தொடங்கப்பட்டது. 1957 மே மாதம் சவகர்லால் நேரு அகழ்வுப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகத்து மாதத்தில் பழுப்பு நிலக்கரி முதன்முதலாக வெளிப்பட்டது. 2016 இல் நிறுவனத்தின் பெயர் என்எல்சி இந்தியா என மாற்றப்பட்டது. சுரங்கம் 1, சுரங்கம் 1ஏ, சுரங்கம் 2 என மூன்று திறந்தவெளிச் சுரங்கங்கள் இங்கு உள்ளன. முதல் சுரங்கத்தில் நிரப்பப்பட்ட பகுதிகள் பல பத்தாண்டு வயதுடையவை. அண்மையில் நிரப்பியவை நேற்றைய மண். இந்த வயது வரிசையே மீள்குடியேற்ற ஆய்வுக்கு ஓர் இயற்கையான ஆய்வுக்கூடம்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் நிறுவனமும் இணைந்து நிரப்பிய நிலத்தில் பயிர், கால்நடை, மரம் ஆகியவற்றை ஒருங்கிணைத்த பண்ணை முறைகளைச் செய்து பார்த்துள்ளன. தொழுவுரம், பசுந்தாள் உரம், உயிர் உரங்கள், பழுப்பு நிலக்கரியிலிருந்தே பிரித்தெடுக்கப்படும் கியூமிக் அமிலம் ஆகியன இவற்றில் பயன்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செல்வம், மகாதேவன் ஆகியோர் நெய்வேலியின் கைவிடப்பட்ட சாம்பல் குட்டையிலும் சுரங்க நிலங்களிலும் வேர்ப்பூஞ்சைகளின் பரவலை ஆய்ந்து 2002 இல் வெளியிட்டனர். வேர்ப்பூஞ்சை விலங்கன்று. ஆயினும் பூஞ்சை உண்ணும் துள்ளுவாலிகளுக்கும் நூற்புழுக்களுக்கும் அதன் இழைகள் உணவு. ஆதலால் அதன் வருகையும் இவற்றின் வருகையும் ஒன்றையொன்று சார்ந்தவை.

ஐரோப்பிய முடிவுகளை அப்படியே நெய்வேலிக்குப் பொருத்த இயலாது. அங்குப் பனியும் ஈரமும். இங்கு வடகிழக்குப் பருவமழையில் இரண்டு மூன்று மாதம் கொட்டித்தீர்க்கும் மழையும், பின்னர் நீண்ட வறட்சியும். கோடையில் நிழலற்ற செம்மணல் பரப்பின் மேலடுக்கு, உலர்ந்து உறங்கத் தெரியாத எந்த நுண்விலங்கையும் விட்டுவைப்பதில்லை. ஆகவே இங்குக் குடியேற்றம் ஒவ்வோர் ஐப்பசியிலும் ஓரளவு புதிதாகத் தொடங்குகின்றது எனலாம். மரநிழலும் சருகும் வந்தபின்தான் கோடையைக் கடக்கும் நிலையான கூட்டம் உருவாக முடியும். சருகைக் கூட்டி எடுத்துச் செல்வதும் விறகு பொறுக்குவதும் இக்காரணத்தால் சிறு செயல்கள் அல்ல.

மறுபுறம், வெப்பமண்டலத்துக்கு ஒரு சாதகம் உண்டு. கறையானும் எறும்பும். வறண்ட நிலத்தில் மண்புழு செய்ய வேண்டிய வேலையின் ஒரு பகுதியைக் கறையான் செய்துவிடுகின்றது. அடிமண்ணை மேலே கொணர்ந்து, சருகைக் கீழே இழுத்து, இறுகிய மண்ணில் துளைகளை உண்டாக்குகின்றது. அத்துளைகள் வழியே மழைநீரும், அதனோடு நுண்விலங்குகளும் இறங்குகின்றன. கறையானைக் கண்டதும் மருந்தடிக்கும் பழக்கம் இத்தகைய நிலத்தில் எதிர்விளைவையே தரும். ஈரம் நிலைத்த இடங்களில் தமிழ்நாட்டில் பரவலாகக் காணப்படும் லாம்பிட்டோ மாரிட்டீ போன்ற உள்நாட்டு மண்புழுக்களும் பணியில் சேரலாம். எருக்குழிகளில் வளர்க்கப்படும் வெளிநாட்டு மண்புழுக்கள் சாணத்திலும் மட்கிலும் வாழ்பவை. அவற்றைக் கனிமப் படிவில் கொண்டு விடுவதால் பயன் குறைவு.

உயிருள்ள மண்ணைத் தூவுதல்

விலங்குகள் தாமே வரும்வரை காத்திராமல், நல்ல நிலத்தின் மண்ணைச் சிறிதளவு கொண்டுவந்து தூவும் முறையும் உண்டு. நெதர்லாந்தில் மேல்மண் அகற்றப்பட்ட வயல்களில் புல்வெளி மண்ணையோ புதர்க்காட்டு மண்ணையோ ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான அடுக்காகத் தூவிய சோதனையில், ஆறு ஆண்டுகளில் அந்தந்த மண்ணுக்குரிய செடிகளும் மண்ணுயிர்களும் அங்கு உருவாகத் தொடங்கியதாக 2016 இல் யாசுப்பர் வுப்சு குழுவினர் அறிவித்தனர். புல்வெளி மண் இட்ட இடம் புல்வெளியை நோக்கியும், புதர்க்காட்டு மண் இட்ட இடம் புதர்க்காட்டை நோக்கியும் சென்றது.

தமிழ்நாட்டு உழவர்களுக்கு இதன் சாயல் புதிதன்று. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் போன்ற ஏரிப் பாசன ஊர்களிலும், மாநிலத்தின் பிற ஏரிப் பகுதிகளிலும், கோடையில் வற்றிய ஏரியின் வண்டலை வண்டியில் ஏற்றி வயலில் அடிப்பது நெடுங்கால வழக்கம். வண்டல் களியையும் மட்கையும் தருவதாகவே பொதுவாகக் கூறப்படும். அதனோடு உலர்ந்து உறங்கும் நூற்புழுக்கள், ரோட்டிஃபர்கள், அமீபாக் கூட்டுறைகள் ஆகியனவும் வயலுக்குச் செல்கின்றன. மணற்பாங்கான சுரங்க நிரப்பிடத்துக்கு நீரைப் பிடித்து வைக்கும் களியும் உயிரும் ஒருங்கே தேவைப்படுவதால், இம்முறை அதற்கு நன்கு பொருந்தும். ஆனால் நல்ல நிலத்தின் மேல்மண்ணைப் பெருமளவு வழித்தெடுத்தால் அங்கே மற்றொரு காயம் உண்டாகும். ஏரி வண்டலில் அந்தச் சிக்கல் இல்லை.

வயலாக மீளுதல்

நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களில் இக்கேள்வி வெறும் உயிரியல் கேள்வியாக இல்லை. 2023 சூலை 26 அன்று சுரங்கம் 2 இன் விரிவாக்கத்தை ஒட்டி, பரவனாற்றின் மாற்றுக் கால்வாய்க்காக வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயல்களில் எந்திரங்கள் இறக்கப்பட்டன. இரண்டு நாட்களுக்குப் பின் நெய்வேலியில் நடந்த போராட்டம் வன்முறையாக மாறியது. அதே ஆண்டு ஏப்ரலில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே, மைக்கேல்பட்டி, வடசேரி ஆகிய காவிரிப்படுகைப் பகுதிகள் தமிழ்நாட்டின் எதிர்ப்பைத் தொடர்ந்து ஒன்றிய அரசின் ஏலப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. எடுத்த நிலத்தை மீண்டும் வயலாக்கித் தர இயலுமா என்பது இவ்விவாதங்களின் உள்ளே இருக்கும் கேள்வி.

ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் 2009 ஆகத்தில் வெளியிட்ட சுரங்க மூடல் வழிகாட்டுதல்கள், திறந்தவெளிச் சுரங்கத்துக்கு எக்டேருக்கு 6 இலட்சம் ரூபாய் என்ற அடிப்படையில் வைப்புத்தொகை ஒதுக்கி வைக்கப்பட வேண்டும் என விதித்தன. பின்னர் இவை திருத்தப்பட்டன. நிறுவனங்களின் அறிக்கைகளில் நடப்பட்ட மரங்களின் எண்ணிக்கையும் பசுமையாக்கிய எக்டேர் கணக்கும் முதலிடம் பெறுவது வழக்கம். மரம் எண்ணுவதற்கு எளிது என்பதே அதற்குக் காரணமாக இருக்கலாம்.

காடு வளர்ப்பதை விட நெல்வயலை மீட்பது கடினம். நெல்வயலின் உழுத சேற்றுக்குக் கீழே, ஆண்டுக்கணக்கில் சேறு கலக்கி மிதித்ததால் உண்டான ஓர் இறுகிய அடுக்கு உள்ளது. நீர் வடியாமல் நிற்பது அதனால்தான். அகழ்வில் அவ்வடுக்கு முற்றிலும் அழிகின்றது. மணற்கல் படிவின் மேல் நீரைக் கட்டினால் அது கீழே இறங்கிவிடும். நெல்வயலின் விலங்குக் கூட்டமும் தனித்தன்மை உடையது. ஆண்டின் ஒரு பகுதி நீரிலும் ஒரு பகுதி வறண்ட மண்ணிலும் வாழப் பழகிய நூற்புழுக்கள், ஓட்டுடலிகள், நீர்வாழ் புழுக்கள் ஆகியன அதில் உள்ளன. நீர் நிற்காத நிலத்தில் இவை வந்தாலும் தங்குவதில்லை. ஆகவே நிரப்பிய நிலத்தில் முதற்கட்டமாக மானாவாரிப் பயிர்கள், தீவனப்புல், முந்திரி போன்றவற்றை வளர்ப்பதே இயல்பாக அமைகின்றது.

கணக்கெடுக்கும் முறைகள்

நூற்புழுக்களை மண்ணிலிருந்து பிரிக்க இன்றும் பயன்படுவது, ஜாவாவில் பணியாற்றிய மருத்துவர் பேர்மன் 1917 இல் வெளியிட்ட புனல் முறை ஆகும். கண்ணாடிப் புனலின் அடியில் ரப்பர்க் குழாய் பொருத்தி இடுக்கியால் மூடி, புனலில் நீர் நிரப்ப வேண்டும். மெல்லிய துணியில் அல்லது தாளில் வைத்த மண்ணை அந்நீரைத் தொடும்படி வைத்தால், உயிருள்ள நூற்புழுக்கள் நெளிந்து வெளியேறி அடியில் சேரும். ஓரிரு நாளில் இடுக்கியைத் தளர்த்திச் சில துளிகளைப் பிடித்து நுண்ணோக்கியில் எண்ணலாம். செலவு மிகக் குறைவாதலால் பள்ளி ஆய்வகத்திலும் இதனைச் செய்ய முடியும்.

சிற்றுண்ணிகளுக்கும் துள்ளுவாலிகளுக்கும் எதிரான உத்தி. இத்தாலியரான பெர்லேசே 1905 இல் வடிவமைத்து, சுவீடனின் துல்கிரென் 1918 இல் மின்விளக்குப் பொருத்தித் திருத்திய புனலில், சல்லடையின் மேல் வைத்த மண்ணை மேலிருந்து விளக்கு சூடாக்கும். வெப்பத்துக்கும் வறட்சிக்கும் அஞ்சிக் கீழே இறங்கும் சிற்றுயிர்கள் சாராயம் நிரப்பிய குப்பியில் விழும். அண்மைக் காலத்தில் மண்ணிலுள்ள மரபணுக்களை நேரடியாகப் பிரித்துப் படித்து இனங்களை அறியும் முறையும் பரவியுள்ளது. எனினும் இறந்த உயிரின் மரபணுவும் மண்ணில் சில காலம் தங்குவதால், உயிரோடிருப்பவற்றை மட்டும் காட்டும் பழைய புனல்கள் கைவிடப்படவில்லை.

மாதிரி எடுக்கும் காலமும் முக்கியமானது. நெய்வேலி போன்ற இடத்தில் மே மாதத்தில் எடுத்த மண்ணில் புனல் ஏறக்குறைய வெறுமையாக இருக்கலாம். அதே இடத்தில் திசம்பரில் எடுத்த மண் நிறைந்திருக்கலாம். ஆகவே நிரப்பிய நிலத்தையும், அருகில் தோண்டப்படாமல் இருக்கும் வயலையோ முந்திரித் தோப்பையோ ஒரே நாளில், ஒரே ஆழத்தில் மாதிரி எடுத்து ஒப்பிடுவதே முறையாகும். சுரங்கம் விரிவடையும் இடங்களில் இந்த ஒப்பீட்டு நிலம் தோண்டப்படும் முன்பே அதன் மண்ணைக் கணக்கெடுத்துப் பதிவுசெய்து வைத்தல் வேண்டும். தோண்டிய பின் அதனை அளக்க வழியில்லை.